உடம்பில் இரும்பு கூடினால்: எடை, களைப்பு, மூட்டுவலி பற்றி எல்லைப் பக்கத்தில் கேட்கும் கேள்விகள்

சாப்பாட்டிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடம்பு தேவைக்கு மேல் உறிஞ்சி ஈரல், இதயம், கணையம், மூட்டு என்று எல்லா இடத்திலும் சேர்த்து வைப்பது ஒரு பரம்பரை நோய். ஹீமோகுரோமடோசிஸ் என்பார்கள். கையில் ஊசி போட்டு ரத்தத்தை வெளியே எடுப்பதுதான் இதற்கு முதல் வைத்தியம். நான் டாக்டர் இல்லை. ரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறேன். பை நிறையும் வரை படுத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி எடையைப் பற்றியே இருக்கும். சித்தூர், வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி என்று பல ஊர்க்காரர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ரத்தம் எடுக்க ஆரம்பித்த பிறகு மெலிந்துவிட்டேன். ரத்தம் எடுத்ததால்தானே?

இல்லை. 450 மி.லி. ரத்தம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதில் பாதிக்கு மேல் நீர்தான், அது ஓரிரு நாளில் திரும்பி வந்துவிடும். இரும்பு போனதால் எடை குறைந்தது என்று நினைத்தால் அதுவும் கணக்குக்கு ஒத்துவராது. சாதாரண மனித உடம்பில் மொத்தமே 3, 4 கிராம் இரும்புதான் இருக்கும். நோய் முற்றியவர்களிடம் 20 கிராமுக்கு மேல் சேர்ந்திருக்கலாம். அத்தனையையும் எடுத்தாலும் எடை மெஷினில் முள் அசையாது.

ரத்தம் எடுப்பது கொழுப்பைக் கரைக்காது, சதையையும் தின்னாது. "அங்கே போய்ப் போய் ரத்தத்தை உறிஞ்சிட்டு வந்து இப்படி ஆயிட்டான்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதும், "க்ஷீணிச்சு போயல்லோ" (இளைச்சுப் போயிட்டியே) என்று பக்கத்து வீட்டுச் சேச்சி பரிதாபப்படுவதும் அன்பில் வருவது. அதைக் கேட்டு நாலைந்து பேர் பாதியில் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். மெலிவுக்கு வேறு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும்.

அப்போ எடை ஏன் குறைகிறது?

முதல் சந்தேகம் சர்க்கரை. கணையத்தில் இரும்பு படிந்தால் இன்சுலின் சுரப்பு குறையும். அடிக்கடி சிறுநீர், தாகம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது எல்லாம் அதன் அடையாளம். தோல் கறுத்து, சர்க்கரையும் வந்தால் அந்தக் காலத்து டாக்டர்கள் வெண்கல நீரிழிவு என்று சொன்னார்கள். நம் ஊரில் வெயிலில் கறுத்தவர் யார், இரும்பால் கறுத்தவர் யார் என்று கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. வேட்டிக்குள் மறைந்திருக்கும் தோலும் சேர்ந்து கறுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது ஈரல். ஈரல் சுருங்கிப்போனவர்களுக்குப் பசி குறையும், உடம்பு தன் சதையையே கரைத்துச் செலவு செய்யும். தோளும் தொடையும் முதலில் இளைக்கும்.

மூன்றாவது ஹார்மோன். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் ஆண்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள்.

நான்காவது பயம். நான் அதிகம் பார்த்த காரணமும் இதுதான். "இரும்பு கூடாது" என்று சொன்னதும் கறி, மீன், கீரை, பயறு, கடலை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு மோர்ச்சோறும் ஊறுகாயுமாக மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். எடை குறையாமல் என்ன செய்யும்? அதுவும் ஈரல் கெட்டவர் இப்படிப் பட்டினி கிடப்பது ஆபத்து. ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்றுதான் இன்றைய மருத்துவம் சொல்கிறது. ராத்திரி படுக்கப் போகும் முன் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பது சதை கரையாமல் இருக்க உதவும். பால், தயிர், முட்டை, பருப்பு, கோழி எதற்கும் பயப்பட வேண்டாம்.

வேறு காரணம் எதுவும் தெரியாமல், ஏற்கெனவே ஈரல் சுருக்கம் இருப்பவருக்கு எடை தானாக இறங்கினால் தள்ளிப்போடாதீர்கள். இரும்பை முழுக்க எடுத்த பிறகும் அவர்களுக்கு ஈரலில் புற்று வரும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் 6 மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

எனக்கு நேர்மாறு. வைத்தியம் ஆரம்பித்த பிறகு குண்டாகிவிட்டேன்.

இதுவும் நடக்கும், பாதிப் பேருக்கு நல்ல செய்தியும் கூட. சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் சிறுநீரில் வீணாகப் போன சத்து உடம்பில் தங்கும். இன்சுலின் போட ஆரம்பித்தவர்களுக்கு இது சகஜம். களைப்பு குறைந்தால் பசி திரும்பும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடுகிறவருக்குச் சதை ஏறும்.

"ரத்தம் எடுத்துட்டு வந்திருக்கான்" என்று வீட்டில் தினமும் ஈரல் வறுவலும் நெய்யும் ஊட்டினால் ஏறும் எடை வேறு ரகம். அதற்கு நான் என்ன சொல்வது! கொழுப்பு படிந்த ஈரல் இரும்பு படிந்த ஈரலை இன்னும் சீக்கிரம் கெடுக்கும் என்பதை மட்டும் வீட்டாரிடம் சொல்லுங்கள்.

தைராய்டு குறைவாலும் எடை கூடும். களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை சேர்ந்திருந்தால் டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் ஒன்று பார்த்துவிடலாம்.

ஒரு வாரத்துக்குள் 2 கிலோ, 3 கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, நீர். காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறதா, மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, தலையணை உயர்த்தி வைத்தால்தான் தூங்க முடிகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரும்பு இதயத் தசையில் படிந்து அது பலவீனமானாலும் நீர் சேரும், ஈரல் கெட்டாலும் சேரும்.

எங்கப்பாவுக்கு எடை மாறவே இல்லை. ஆனால் வேட்டி மட்டும் இறுக்கமாகிறது என்கிறார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். வயிற்றில் நீர் சேர்கிறது, அதே நேரத்தில் கையிலும் காலிலும் சதை குறைகிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் மெஷினில் அதே 62 கிலோ காட்டும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

எடையோடு இன்னும் இரண்டு அளவு குறித்துக்கொள்ளுங்கள்: தொப்புள் நேராக வயிற்றின் சுற்றளவு, புஜத்தின் நடுவில் சுற்றளவு. தையல்காரர் டேப் போதும். வயிறு ஏறி, புஜம் இறங்கினால் எடை எவ்வளவு என்பது பேச்சே இல்லை, டாக்டரிடம் போங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதும் நல்ல சோதனை.

எடை பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மெஷினில். பஸ் ஸ்டாண்டில் காசு போட்டு எடுத்த சீட்டையும் ஆஸ்பத்திரியில் செருப்போடு ஏறி எடுத்த எடையையும் ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்கள் உண்டு.

ரத்தம் எடுக்கும் முன் நீங்கள் ஏன் ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கிறீர்கள்?

பையின் அளவுக்காக. 45 கிலோவுக்கு மேல் இருந்தால் 350 மி.லி. பை, 55 கிலோவைத் தாண்டினால் 450 மி.லி. என்பது ரத்த தானத்துக்கான விதி. வைத்தியத்துக்காக எடுக்கும்போது டாக்டர் எழுதுவதுதான் கணக்கு என்றாலும் எங்கள் கை அந்த அளவில்தான் பழகியிருக்கும். எடை இறங்கியிருந்தால் சின்னப் பை. ஹீமோகுளோபினும் பார்ப்போம். 11-க்குக் கீழே போனால் அந்த வாரம் எடுக்காமல் திருப்பி அனுப்புவோம். திட்டிக்கொண்டு போவார்கள், போகட்டும்.

எத்தனை தடவை எடுக்க வேண்டியிருக்கும்?

450, 500 மி.லி. ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு போகும். 10 கிராம் கூடுதலாக இருந்தால் 40, 50 தடவை. வாரம் ஒன்று என்றால் ஒரு வருஷம். சின்னப் பை என்றால் இன்னும் நீளும். உடம்புக்கு இரும்பை வெளியே தள்ள வேறு வாசல் கிடையாது. தினம் 1, 2 மில்லிகிராம் தோலிலும் குடலிலும் உதிர்வதோடு சரி. ரத்தம் போனால் எலும்பு மஜ்ஜை புது ரத்தம் உண்டாக்க ஈரலில் கிடக்கும் இரும்பை இழுத்துக்கொள்ளும். அதுதான் சூட்சுமம்.

ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்த டெஸ்ட். அது 50 அளவுக்கு இறங்கும் வரை அடிக்கடி எடுப்பார்கள். பிறகு அது 100-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சிலருக்கு இன்னும் இடைவெளி விட்டு. இது ஆயுசுக்கும் தொடரும். பாலக்காட்டில் ஒரு டாக்டர், கோயம்புத்தூரில் ஒரு லேப் என்று அலைகிறவர்கள் ஃபெரிட்டின், ஹீமோகுளோபின், எடை மூன்றையும் தேதியோடு ஒரே நோட்டில் எழுதுங்கள். ரிப்போர்ட்டுகள் எப்போதும் அந்தக் கரையில்தான் இருக்கும், டாக்டர் இந்தக் கரையில் கேட்பார்.

எச்பிஏ1சி 8-லிருந்து 6-க்கு வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். அந்த டெஸ்ட் சிவப்பணு சுமார் 120 நாள் ரத்தத்தில் சுற்றும்போது அதன்மேல் ஒட்டும் சர்க்கரையை அளக்கிறது. வாராவாரம் ரத்தம் எடுத்தால் பழைய அணுக்கள் போய்ப் புதுசுதான் அதிகம் இருக்கும், சர்க்கரை ஒட்ட நேரம் இருக்காது. அதனால் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். வீட்டில் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்ப்பதுதான் இந்தக் காலத்தில் நம்பகம். ஃபுருக்டோசமைன் என்ற டெஸ்டும் உண்டு. சர்க்கரை டாக்டருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்ன டாக்டருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. ஆகவே "எனக்கு வாரம் ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள்" என்று நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

களைப்பும் வலியும் எப்போது போகும்?

களைப்பு பலருக்குச் சில மாதங்களில் குறையும். தோலின் கறுப்பு மெல்ல வெளுக்கும். ஈரல் டெஸ்ட் எண்கள் இறங்கும். இதயப் பாதிப்பை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நன்றாகத் தேறும்.

மூட்டுவலி விஷயத்தில் ஏமாற வேண்டாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடி முட்டியில் வலியும் வீக்கமும் இந்த நோயின் அடையாளம். இரும்பை முழுக்க எடுத்தாலும் அது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். "இவ்வளவு ரத்தம் கொடுத்தும் கை வலி போகலையே" என்று கோபப்பட்டு நிறுத்தினால் நஷ்டம் ஈரலுக்கு.

களைப்பு முதலில் குறைந்து, பிறகு திரும்ப வந்தால் அளவுக்கு மீறி எடுத்திருக்கலாம். முடி கொட்டுவது, ராத்திரி கால் நிலைகொள்ளாமல் குடைவது, ஐஸ் கட்டியோ பச்சரிசியோ மென்று தின்னத் தோன்றுவது எல்லாம் இரும்பு குறைந்ததன் அறிகுறி. ஆமாம், இரும்பு நோய்க்காரருக்கே இரும்புக் குறைவு வரும். இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடாமல், எடுக்கும் இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள்.

கேட்க ஒரு மாதிரி இருக்கிறது... ஆசையே இல்லை.

கேட்டது நல்லது. பெரும்பாலும் மனைவிதான் தனியாக வந்து கேட்பார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இரும்பு படிந்தால் ஆண் ஹார்மோனுக்கான உத்தரவு வராது. ஆசை குறையும், விறைப்பு இருக்காது, தாடி வளர்ச்சி மெதுவாகும், தோளும் தொடையும் இளைக்கும், எலும்பு மெலியும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். எடை குறைவதற்கும் மனம் சோர்வதற்கும் இது பெரிய காரணம். ஆனால் வயசாயிடுச்சு, வேலைப் பளு என்று சொல்லி மூடிவிடுவார்கள்.

ரத்தம் எடுப்பதால் மட்டும் இது பெரும்பாலும் திரும்பாது. காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் டெஸ்டில் குறைவு என்று தெரிந்தால் ஹார்மோன் டாக்டர் மருந்து கொடுப்பார். லேகியக் கடைக்குப் போக வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

என்ன சாப்பிடக் கூடாது?

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி இந்த நோயைச் சரிசெய்ய முடியாது, ரத்தம் எடுப்பதன் பக்கத்தில் கூட அது வராது. ஆனாலும் சிலதைச் சொல்லியாக வேண்டும்.

ரத்தம் ஊறும் என்று கொடுக்கும் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல், ஆட்டு ரத்தப் பொரியல் மூன்றும் வேண்டாம். அவற்றில் உள்ள இரும்பு சுலபமாக உடம்பில் ஏறும். கறி எப்போதாவது சாப்பிடலாம். முருங்கைக்கீரையை நிறுத்தத் தேவையில்லை, அதில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இன்னும் குறையும். டீக்கடைக்காரர் சந்தோஷப்படட்டும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைக்காதீர்கள். வைட்டமின் சி மாத்திரையும் தினசரி நெல்லிக்காய் ஜூஸும் இரும்பை உள்ளே இழுக்கும். பழமாகச் சாப்பிடுவதில் குற்றமில்லை.

மருந்துக் கடையில்தான் கவனம். அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், மண்டூரம், லோஹாசவம் எல்லாமே இரும்பு மருந்து. எல்லைக்கு அந்தப் பக்கம் சித்த வைத்தியர், இந்தப் பக்கம் ஆயுர்வேதக் கடை, இரண்டிலும் களைப்பு என்று சொன்னால் முதலில் கைக்கு வருவது இவைதான். சத்து டானிக்குகளிலும் இரும்பு இருக்கும், லேபிளைப் படியுங்கள்.

கள் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேரளத்தின் பல ஊர்களுக்குக் கள் போவதே நம் சித்தூர்ப் பக்கத்திலிருந்துதான், அதனால் "இயற்கைதானே" என்பார்கள். இயற்கையோ என்னவோ, அதில் ஆல்கஹால் இருக்கிறது. இரும்பு படிந்த ஈரலுக்கு அதுவே இரண்டாவது அடி. ஈரல் பாதித்தவருக்கு ஒரு கோப்பை கூட வேண்டாம்.

ரேஷனில் வருவது இரும்பு சேர்த்துச் செறிவூட்டிய அரிசியாக இருந்தால், அதில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கும். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்து 8 முதல் 13 மில்லிகிராம். அத்தனையும் உடம்பில் ஏறாது, ஆனால் தினமும் ஏறும். வசதி இருந்தால் சாதாரண மட்டை அரிசி வாங்குங்கள். இல்லாவிட்டால் அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கூடுதலாக ரத்தம் எடுக்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

வேகாத சிப்பி, கல்லும்மக்காய் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமிக்கு இரும்பு அதிகமுள்ள ரத்தம் பெரிய விருந்து, உயிருக்கே ஆபத்தாகும். நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம்.

ஹெல்த் செக்கப்பில் ஃபெரிட்டின் 600. எனக்கும் இந்த நோயா?

பெரும்பாலும் இருக்காது. கொழுப்பு ஈரல், சர்க்கரை, குடி, காய்ச்சல், ஏதாவது அழற்சி, எது இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். காலையில் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பாருங்கள், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டும் டெஸ்ட் அது. அது 45 சதவீதத்தைத் தாண்டி, மறுபடி பார்த்தாலும் தாண்டினால்தான் இந்த நோயின் பக்கம் யோசிக்க வேண்டும். ஃபெரிட்டின் 1000-க்கு மேல் போனால் ஈரல் பாதித்திருக்கிறதா என்று தேடுவார்கள்.

ஜீன் டெஸ்ட் நெகட்டிவ். அப்போ நோய் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. 1996-ல் கண்டுபிடித்த எச்.எஃப்.இ. என்ற ஜீனில் சி282ஒய் என்ற மாற்றம் ஐரோப்பியர்களிடம் அதிகம். அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், அங்கே 83 பேரில் ஒருவருக்கு இந்த மாற்றம் அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது என்கிறார்கள். இந்தியர்களிடம் அது மிக அபூர்வம். நம்மவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் வேறு ஜீன்களால்தான் வருகிறது. சாதாரண டெஸ்டில் அவற்றைப் பார்ப்பதில்லை. சாச்சுரேஷன் உயர்ந்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஈரலில் இரும்பு தெரிந்தால், அந்த ஒரு காகிதத்தை வைத்து நோய் இல்லை என்று ஒதுக்க முடியாது.

எங்களுடையது சொந்தத்தில் கல்யாணம். பிள்ளைகளுக்கு வருமா?

பெரும்பாலான வகைகளில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட ஜீன் வந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் ஒரே ஜீன் இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுதல். இள வயசிலேயே வரும் வகை ஒன்று உண்டு, அதில் பெரும்பாலும் முப்பது வயசுக்குள் இதயமும் ஹார்மோனும் பாதிக்கும். ஆகவே நோயாளியின் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஃபெரிட்டினும் சாச்சுரேஷனும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மற்றக் குழந்தைகளுக்கு அது நல்லது. இந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு டெஸ்ட் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

அட்டப்பாடியில் தெரிந்த பையனுக்கும் இரும்பு கூடுதலாம். அவனுக்கு ஏன் ரத்தம் எடுக்கவில்லை?

அவனுக்கு அரிவாள் செல் நோயோ தலசீமியாவோ இருக்கலாம். ரத்தம் ஏற்றி ஏற்றிச் சேர்ந்த இரும்பு அது. ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ளவரிடம் எடுக்க முடியாது, டெஃபெரசிராக்ஸ் போன்ற மாத்திரையால் இரும்பைப் பிடித்து வெளியேற்றுவார்கள். நோயும் வேறு, வைத்தியமும் வேறு.

மார்ச், ஏப்ரலில் ரத்தம் எடுத்தால் தலை சுற்றுகிறது.

பாலக்காட்டு வெயிலில் சுற்றாமல் இருந்தால்தான் அதிசயம். காலை முதல் ஆளாக வாருங்கள், வெறும் வயிற்றில் வராதீர்கள். முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். இதயமோ ஈரலோ பாதித்து நீர் அளவு குறைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு கால் மணி நேரம் படுத்திருந்து, உப்புப் போட்ட மோர் குடித்துவிட்டுப் போகலாம். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். அன்றைக்குத் தென்னை ஏறுவது, பம்புசெட் தூக்குவது எல்லாம் வேண்டாம்.

எடுத்த ரத்தத்தை வேறு யாருக்காவது கொடுப்பீர்களா?

சில நாடுகளில் கொடுக்கிறார்கள், இது தொற்று நோய் இல்லையே. நம் பக்கத்து ரத்த வங்கிகளில் பொதுவாக அழித்துவிடுவோம். தானம் என்றால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும், வாராவாரம் எடுப்பது அந்தக் கணக்கில் வராது. அதனால் ரத்த தான கார்டு எதுவும் கேட்காதீர்கள், பில் மட்டும்தான் தருவார்கள்.